வேண்டாமிர்தம் வீட்டு சுவிட்ச்

எங்கள் ஊருக்கு டவர் ஆந்திராவில் இருக்கிறது,
மலைக்கு அந்தப் பக்கம்.
அழைத்தால் ஒருத்தி தெலுங்கில் மன்னிப்புக் கேட்பாள்.
புரியும். பாதி வீட்டில் அதுதான் பேச்சு.
ஆனால் மன்னிப்பை வைத்துக்கொண்டு
சான்றிதழ் இறக்க முடியாது.

பேரணாம்பட்டுக்கு டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை,
பஸ்ஸும் இல்லை, காலையும் மாலையும் தவிர.
தவறவிட்டால் ஷேர் ஆட்டோ முப்பது,
பிரவுசிங் சென்டரில் பக்கத்துக்கு இருபது,
சர்வர் படுத்துவிட்டால் நாளைக்கு வா.
நாலாவது நாளைக்குப் பிறகு
ஷூ மேல்தோல் தைக்கிற ஷம்ஷாத் கேட்டாள்:
"இந்தக் காசுக்கு நாமே ஒரு ஒயர் இழுத்துடலாமே?"

ஒயர் இல்லை, காற்று.
பேரணாம்பட்டில் ஒரு மாடிமேல் ஒரு டிஷ்,
எங்கள் தண்ணீர்த் தொட்டிமேல் ஒரு டிஷ்.
ரெண்டும் ஒன்றையொன்று பார்த்தால் போதும் என்றான் தேசிங்கு.
பெண் பார்க்கப் போனபோதும் இதையேதான் சொன்னான்.

நாற்பத்தோரு வீடு, மாதம் அறுபது ரூபாய்.
நோட்டு என்னிடம்.
முன்பக்கத்திலிருந்து வரவு, பின்பக்கத்திலிருந்து பாக்கி.
பாக்கிதான் வேகமாக நடக்கும்.

கோடைமழைக்குப் புளியமரம் துளிர்த்தது.
ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நகம்கூட இல்லாத இலை.
ஒரு போட்டோவை உள்ளே விடவில்லை.

மரம் வேண்டாமிர்தத்துடையது.
ஐந்தாவதும் பெண்ணா என்று
வேண்டாம் என்று எழுதத் தொடங்கிய அப்பன்
மனசு கேளாமல் முடித்த பெயர்.

கிளையைக் கேட்டோம்.
"வருசத்துக்கு எட்டாயிரம் ரூபா புளி. நீ குடுப்பியா?"
நோட்டைப் பார்த்தேன்.
"என் மாடி மேல வெச்சிக்கோயேன்.
மரத்துக்கு அந்தாண்டதானே கீது."

தொகுப்பு வீட்டு மொட்டைமாடியில் டிஷ்,
உள்ளே பெட்டி, அவள் மீட்டரில் கரண்ட்.
மாதம் நூற்றைம்பது என்று எழுதிக் கொடுத்தோம்.
அவளிடம் போன் இல்லை.
பகலெல்லாம் தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கிவிட்டு வருபவள்
ஒன்பது மணிக்குப் படுப்பாள்.
ஃபேனை விட்டுவிட்டு எல்லா சுவிட்சையும் தட்டுவாள்.

தம்மாமில் ஷம்ஷாத் புருஷன் வாயைத் திறந்தபடி நின்றான்.
போலீஸ் வேலைக்குப் படிக்கிற குணபூசணம்
ரோமாபுரியின் வீழ்ச்சிக்கு நடுவில் நின்றான்.
அவள் வீட்டு வாசலில் கூட்டம் போட்டோம்.
"பச்சையா மினுக்கினே கீதுப்பா.
கண்ண மூடனாலும் தெரியுது.
நீ வேணா வந்து என் ஊட்ல படு."

அத்தோடு முடிந்தது.
ஊர் ஒன்பது மணிக்கு அவள் கொட்டாவியோடு அணைந்தது.

ஆவணி. ராத்திரி ஒன்றே முக்கால்.
என் போன் தலைமாட்டில் துடித்தது.
அடுத்த வீட்டில் ஒரு டிங். எதிர்வீட்டில் நாலு.
தெரு முழுக்கப் பூச்சிகள்போல:
மூன்று ஹலோ, ஒரு ரோஜாப்பூ குட் நைட்,
விடைத்தாள், வட்டிக்காரன், குழந்தை சிரிக்கிற வீடியோ.
ஏன் இந்நேரத்தில் வந்தது என்று
பல்பைப் போட்டு எழுந்த பிறகுதான் கேட்டது,
கிளை முறிகிற சத்தம்.

யானை என்றார்கள், ஏனுகு என்றார்கள்,
தட்டைத் தட்டினார்கள், டயரைக் கொளுத்தினார்கள்.
மூன்று. ஒன்று குட்டி.
மாந்தோப்பு வழியாக மலையேறிப் போயின.

"கத்துனா என்னாண்டதான் வரும்," என்றாள்.
"அதைப் போட்டா உங்க எல்லாருக்கும் முழிப்பு வரும்னு தெரியும்.
போடலனாதான் வந்து சண்ட போடறீங்களே."

காலையில் பார்த்தால்
நாங்கள் கேட்ட அதே கிளை கீழே கிடந்தது.
தொட்டியிலிருந்து பேரணாம்பட்டு பளிச்சென்று தெரிந்தது.
டிஷ்ஷை மாற்றலாமா என்றான் தேசிங்கு.
யாரும் பதில் சொல்லவில்லை. ஸ்பானரைப் பையில் போட்டுக்கொண்டான்.

ஆவணிக் கணக்கில் எழுதினேன்:
கிளை வெட்டுக் கூலி – இல்லை.
வேண்டாமிர்தம், கரண்ட் – 150.
வேண்டாமிர்தம், புளி நஷ்டம் – ஒரு கிளை,
விலை பேசவேண்டும்.